துப்பாக்கி ரேஞ்சில் ஒரு சண்டையும், டாங்கியின் பின்னால் ஒரு டெலிபோனும்



நவம்பர் மாதம் நான்காவது ஞாயிறு என்.சி.சி. தினம். ஒவ்வொரு வருடமும் அன்றைக்குப் பழைய கேடட்டுகள் பலர் தொப்பியும் சீருடையுமாக எடுத்த படங்களை அனுப்புவீர்கள். இந்த முறை ஒரு மாணவி படத்தோடு ஒரு கேள்வியும் அனுப்பியிருந்தாள். "டீச்சர், என் கீழே ரெண்டு டீம் இருக்கு. ஒருத்தங்க வேலையை முடிச்சாத்தான் அடுத்தவங்க ஆரம்பிக்க முடியும். தினமும் சண்டை. நம்ம கேம்புல ரேஞ்சுல நடந்துச்சே, அதை எப்படித் தீர்த்தாங்க?"

போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை. மற்றவர்களுக்கும் பயன்படட்டும் என்று இங்கேயே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான். காபி குடித்துக்கொண்டே படியுங்கள்.

தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. தேசிய மாணவர் படை 1948-ல் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் தொடங்கப்பட்டது. அதன் குறிக்கோள் வாசகம் 'ஒற்றுமையும் ஒழுக்கமும்'. பள்ளியில் அதை நடத்துகிற ஆசிரியர்களுக்கும் பயிற்சி உண்டு. பெண்களுக்கு அது குவாலியரில். அங்கே போய்விட்டு வந்துதான் நான் 'தேர்ட் ஆபீசர்' ஆனேன். என் அனுபவத்தில் ஒழுக்கத்தைக் கற்றுக்கொடுப்பது சுலபம். வரிசையில் நிற்க வைத்தால் கண்ணுக்குத் தெரிந்துவிடும். ஒற்றுமை அப்படித் தெரியாது. ஒருவர் வேலை இன்னொருவர் கையில் இருக்கும்போதுதான் அது இருக்கிறதா இல்லையா என்பது தெரியும்.

அப்படித் தெரிகிற இடம் துப்பாக்கி சுடும் ரேஞ்ச்.

1997-ல் நடந்த பத்து நாள் முகாம் அது. மூன்று பள்ளிகளின் பெண்கள். .22 ரைஃபிள், 25 மீட்டர் தூரம். ஒரே நேரத்தில் 8 பேர் படுத்துச் சுடுவார்கள். அந்த எட்டுப் பேருக்கு ஒரு 'டீடெயில்' என்று பெயர். பார்க்கிறவர்களுக்குச் சுடுகிற பெண்கள் மட்டும்தான் கண்ணில் படுவார்கள். உண்மையில் அங்கே மூன்று குழுக்கள் வேலை செய்யும்.

ஒரு குழு குண்டுகளை எண்ணிக் கொடுக்கும். ஆளுக்கு 5, மொத்தம் 40. சுட்டு முடித்ததும் காலி கேஸ்களைப் பொறுக்கி எண்ணி, நாற்பதும் வந்ததா என்று பார்க்கும். கணக்குச் சரியாகாமல் அடுத்த டீடெயில் படுக்க முடியாது.

இரண்டாவது, சுடுகிற குழு. "காலி கர்" என்று கட்டளை வந்ததும் போல்ட்டைத் திறந்து வைத்துவிட்டு அசையாமல் படுத்திருக்க வேண்டும். ஹவில்தார் ஒவ்வொரு ரைஃபிளாகக் குனிந்து பார்த்து, எல்லாம் காலி என்று உறுதி செய்த பிறகுதான் விசில் அடிப்பார்.

மூன்றாவது, டார்கெட் குழு. விசில் அடித்ததும் முன்னே போய், ஐந்து ஓட்டைகளும் எவ்வளவு நெருக்கமாக விழுந்திருக்கின்றன என்று அளந்து எழுதி, ஓட்டைகளின் மேல் சின்னச் சின்னக் காகிதத் துண்டை ஒட்டிவிட்டுத் திரும்பி வரவேண்டும். ஒட்டாமல் விட்டால் அடுத்தவள் கணக்கில் பழைய ஓட்டையும் சேர்ந்துவிடும்.

ஒரு பள்ளி சுடும்போது மற்ற இரண்டு பள்ளிகளும் இந்த வேலைகளைப் பார்க்கும். அங்கேதான் வினை. மார்க் ஒரு பள்ளிக்கு, அந்த மார்க்கை எழுதுகிற கை வேறு பள்ளிக்கு.

முதல் நாள் காலையிலேயே தொடங்கிவிட்டது. ஒரு டீடெயில் முடிய 25 நிமிடம் ஆனது. வெயிலில் வரிசையில் நிற்கிற பெண்கள், "ஒட்டப் போனவங்க அங்கேயே குடித்தனம் பண்றாங்க" என்றார்கள். ஒட்டப் போனவர்கள், "நாங்க ரெடி, விசில்தான் வரல. சுடறவங்கதான் லேட்" என்றார்கள். காலி கேஸ் எண்ணுகிறவர்களை இரண்டு பக்கமும் திட்டியது.

பிறகு மூன்றாம் எண் டார்கெட்டில் 4 ஓட்டை, நான்காம் எண்ணில் 6 ஓட்டை. நான்காம் எண்ணில் பழைய ஓட்டையை ஒட்டாமல் விட்டுவிட்டார்கள் என்று ஒரு கட்சி. மூன்றாம் எண்ணில் படுத்தவள் பக்கத்து டார்கெட்டில் சுட்டுவிட்டாள் என்று இன்னொரு கட்சி. இரண்டுமே நடக்கக்கூடியதுதான். எது நடந்தது என்று சொல்ல யாரிடமும் ஆதாரம் இல்லை. மதியச் சாப்பாட்டில் தட்டை எடுத்துக்கொண்டு தனித்தனியாக உட்கார்ந்துவிட்டார்கள். 'கள்ள மார்க்' என்ற சொல் காதில் விழுந்தது.

மதியம் நடந்ததை இன்றும் நினைத்தால் வயிற்றைப் பிசைகிறது. மெதுவாக வேலை செய்கிறோம் என்ற பேச்சைக் கேட்டுக் கேட்டு ரோஷம் வந்த டார்கெட் குழுப் பெண்கள், ஆறாவது ரைஃபிளை ஹவில்தார் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, விசிலுக்குக் காத்திருக்காமல் முன்னே ஓடினார்கள். "ஸ்டாப்!" என்று அவர் போட்ட சத்தத்தில் ரேஞ்ச் முழுவதும் உறைந்து நின்றது. அவர்களைத் திரும்ப வரச் சொல்லிவிட்டு ஏழாவதைப் பார்த்தார், காலி. எட்டாவதில் போல்ட் திறக்கப்படவே இல்லை. அவரே திறந்தார். சுடப்படாத ஒரு குண்டு மண்ணில் விழுந்தது. அந்தப் பெண் நான்குதான் சுட்டிருந்தாள். ஐந்து முடிந்துவிட்டது என்று நினைத்துப் படுத்திருந்தாள்.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் இது மார்க் தகராறு மட்டும் இல்லை என்பது அங்கிருந்த எல்லோருக்கும் புரிந்துவிட்டது. ஒரு குழுவுக்கு இன்னொரு குழுவின் மேல் வந்த கோபம், ஒரு குழந்தையைத் துப்பாக்கி முனைக்கு நேரே ஓட வைத்தது.

அன்றைக்குச் சுடுவதை நிறுத்தினார்கள். மாலையில் மூன்று பள்ளிகளையும் மைதானத்தில் நிறுத்தி ஒற்றுமையைப் பற்றிப் பேசலாம் என்று ஒரு யோசனை வந்தது. ஹவில்தார் தலையை ஆட்டினார். "லெக்சர் வேண்டாம் மேடம். பொண்ணுங்க யாரும் கெட்டவங்க இல்ல. ஒருத்தி என்ன பண்றான்னு இன்னொருத்திக்குத் தெரியல. அவ்வளவுதான். நாளைக்குக் காலையில ரெண்டு மணி நேரம் குடுங்க."

அந்த இரண்டு மணி நேரத்தில் அவர் மூன்று காரியம் செய்தார்.

முதலாவது, குண்டே இல்லாமல் முழுப் பயிற்சியையும் நடத்தினார், எல்லோருடைய வேலையையும் மாற்றிப் போட்டு. சுடுகிற பெண்கள் கையில் பசை டப்பா. காற்று காகிதத்தைப் பறித்துக்கொண்டு போகிறது, பசை விரலில் ஒட்டுகிறதே தவிர டார்கெட்டில் ஒட்டவில்லை, ஆளுக்கு ஐந்து ஓட்டையையும் தேடிப் பிடித்து அளந்து எழுத வேண்டும். நேற்று குடித்தனம் என்று கேலி செய்தவர்கள் இன்று வேர்த்து வழிந்தார்கள். டார்கெட் குழுப் பெண்கள் முழங்கை சரளைக்கல்லில் குத்தக் குத்தப் படுத்துக் கிடந்தார்கள். தலையைத் திருப்பக் கூடாது, எழுந்திருக்கக் கூடாது, பின்னால் என்ன நடக்கிறது என்றே தெரியாது. தாமதம் தங்களுடையது இல்லை என்று அந்தப் பெண்கள் நேற்று ஏன் அழுதார்கள் என்பது அவர்களுக்கு அப்போது புரிந்தது.

இரண்டாவது, மூன்று நோட்டுகளுக்குப் பதில் ஒரே தாள். அதில் எட்டு வரிசை. ஒவ்வொரு எண்ணுக்கும் எத்தனை குண்டு கொடுத்தோம், எத்தனை காலி கேஸ் வந்தது, எத்தனை ஓட்டை விழுந்தது. அதுவரை கேஸ்களை மொத்தமாக நாற்பது என்று எண்ணினார்கள். இனி எண் வாரியாக எண்ண வேண்டும். ஒட்டுகிற ஒவ்வொரு துண்டிலும் டீடெயில் எண்ணைப் பென்சிலால் எழுத வேண்டும். இப்போது யோசித்துப் பாருங்கள். நான்கு கேஸ், நான்கு ஓட்டை என்றால் ஒரு குண்டு இன்னும் துப்பாக்கியில் இருக்கிறது. ஐந்து கேஸ், நான்கு ஓட்டை, பக்கத்தில் ஆறு, பழைய ஓட்டைகள் எல்லாவற்றிலும் எண் எழுதிய துண்டு ஒட்டியிருக்கிறது என்றால் குண்டு பக்கத்து டார்கெட்டுக்குப் போயிருக்கிறது. யாரும் யாரையும் சந்தேகப்பட வேண்டியதில்லை. உண்மை மூன்று துண்டாக மூன்று குழுக்களிடம் இருந்தது. அதை ஒரே தாளில் சேர்த்ததுதான் அவர் செய்த வேலை.

மூன்றாவது, ஒவ்வொரு டீடெயிலுக்குப் பிறகும் 2 நிமிடம் மூன்று குழுவும் வட்டமாக நிற்க வேண்டும். என்ன நடக்க வேண்டும், என்ன நடந்தது, ஏன், அடுத்த முறை என்ன செய்யலாம் என்ற நான்கு கேள்விகள் மட்டும். ஒரு நிபந்தனை: 'அவங்க' என்ற சொல் வரக்கூடாது. "அவங்க லேட்" என்று சொல்லக் கூடாது. "மூணாம் நம்பர்ல பசை காய்ஞ்சு போச்சு, அதனால நாலு நிமிஷம் ஆச்சு" என்று சொல்ல வேண்டும். அப்படிச் சொன்ன மறு நிமிடமே யாரோ ஒருத்தி தண்ணீர் எடுத்துக்கொண்டு ஓடினாள். "அவங்க லேட்" என்றால் பதிலுக்குச் சண்டைதான் வந்திருக்கும், தண்ணீர் வந்திருக்காது.

முன்னே ஓடிய பெண்ணை அவர் தண்டிக்கவில்லை. தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, ஒவ்வொரு ரைஃபிளையும் தன்னோடு சேர்ந்து பார்க்கச் சொன்னார். எட்டும் காலி என்று அவள் வாயால் சொன்ன பிறகுதான் விசில். குண்டை மிச்சம் வைத்த பெண்ணுக்குக் காலி கேஸ் எண்ணுகிற வேலை.

எல்லோரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள் என்று கதை விட மாட்டேன். இரண்டு பெண்கள் முகாம் முடிகிறவரை பேசிக்கொள்ளவே இல்லை. ஆனால் ஒரு டீடெயில் 15 நிமிடத்தில் முடிந்தது. விசிலுக்கு முன் ஒரு கால்கூட நகரவில்லை. நட்பு பிறகு வரட்டும், முதலில் வேலை பத்திரமாக நடக்க வேண்டும் என்பதுதான் அவர் கணக்கு.

ஓய்வு பெற்ற பிறகு இரண்டாம் உலகப் போர் பற்றி நிறையப் படித்தேன். படிக்கப் படிக்க அந்த ஹவில்தார் நினைவுக்கு வந்துகொண்டே இருந்தார். இரண்டு உதாரணங்களை மட்டும் சொல்கிறேன்.

1944 ஜூன் 6 அன்று நேச நாட்டுப் படைகள் பிரான்சின் நார்மண்டி கடற்கரையில் இறங்கின. கரையைத் தாண்டி உள்ளே போனால் அமெரிக்கப் படையின் முன்னே சின்னச் சின்ன வயல்கள். ஒவ்வொரு வயலைச் சுற்றியும் ஆள் உயரத்துக்கு மண்கரை, அதன்மேல் மரமும் புதரும். நம் ஊர் வரப்பு மாதிரி தாண்டிவிட முடியாது. அந்தக் கரைகளுக்குள் ஜெர்மானியர்கள் ஒளிந்திருந்தார்கள். காலாட்படை தனியாகப் போனால் இயந்திரத் துப்பாக்கிக்கு இரை. டாங்கி தனியாகப் போனால் புதருக்குள்ளிருந்து வருகிற எதிர்ப்பு ஆயுதத்துக்கு இரை. கரைமேல் ஏறினால் டாங்கியின் மெல்லிய அடிவயிறு எதிரிக்குத் தெரியும். ஒருவர் இல்லாமல் ஒருவர் ஒரு வயலைக்கூடத் தாண்ட முடியாது.

ஆனாலும் அவர்களுக்குள் ஒத்துப்போகவில்லை. டாங்கி பக்கத்தில் வந்தாலே எதிரியின் பீரங்கி அடி நம்மேல் விழுகிறது என்பது காலாட்படையின் புகார். சுடத் தொடங்கியதும் இவர்கள் படுத்துவிடுகிறார்கள், நாம் தனியாக மாட்டிக்கொள்கிறோம் என்பது டாங்கிக்காரர்களின் புகார். காரணம் என்ன தெரியுமா? இரண்டு பேரின் ரேடியோவும் வேறு வேறு அலைவரிசை. பத்தடி தூரத்தில் இருந்தும் பேச முடியாது. டாங்கிக்குள் இருப்பவனுக்குச் சின்ன இடுக்கு வழியே தெரிவதுதான் உலகம். இந்த நிலத்துக்கு ஏற்றபடி சேர்ந்து பயிற்சி எடுத்ததும் இல்லை.

தீர்வு மிக எளிமையாக வந்தது. டாங்கியின் பின்பக்கம் ஒரு பெட்டியைப் பொருத்தி, அதற்குள் ஒரு போர்க்கள டெலிபோனை வைத்து, உள்ளே இருப்பவர்கள் தங்களுக்குள் பேசுகிற கம்பியோடு இணைத்துவிட்டார்கள். காலாட்படை வீரன் பின்னால் நடந்துகொண்டே போனை எடுத்து, எதிரி எந்த மூலையில் இருக்கிறான் என்று சொல்ல முடிந்தது. அதோடு 29-ஆவது காலாட்படை டிவிஷன் இன்னொன்றும் செய்தது. போர்முனைக்குப் பின்னால் டாங்கி, காலாட்படை, வெடி வைக்கிற பொறியாளர்கள் மூவரையும் சின்னச் சின்னக் குழுவாகச் சேர்த்து ஒத்திகை பார்த்தது. மண்கரையை முட்டித் தள்ள டாங்கியின் முகப்பில் கொம்புகள் மாதிரி பொருத்தியிருந்தார்கள். டாங்கி பின்வாங்கியபோது கரையில் விழுந்த துளைகளைப் பொறியாளர்கள் கவனித்தார்கள். வெடி வைக்க அதைவிட நல்ல இடம் இல்லை. அதன் பிறகு டாங்கி துளை போடும், பொறியாளர் வெடி வைப்பார், உடைந்த வழியே இருவரும் போவார்கள். ஒருவர் வேலையை இன்னொருவர் பக்கத்தில் நின்று பார்த்ததால் கிடைத்த யோசனை அது. ஜூலை 11 அன்று அந்த டிவிஷன் இந்த முறையில் தாக்கத் தொடங்கியது. ஜூலை 18 அன்று சென் லோ நகரம் அவர்கள் கைக்கு வந்தது. உயிர்ச்சேதம் ஏராளம்தான். ஆனால் வயலைத் தாண்டுகிற வழி தெரிந்துவிட்டது.

இதற்கு நேர் எதிரான கதை 1980 ஏப்ரலில் ஈரான் பாலைவனத்தில் நடந்தது. டெஹ்ரானில் பிணைக்கைதிகளாக இருந்த அமெரிக்கர்களை மீட்க ஒரு ரகசியத் திட்டம். தரைப்படையின் கமாண்டோக்கள், கடற்படையின் ஹெலிகாப்டர்கள், அவற்றைப் பெரும்பாலும் ஓட்டியவர்கள் மரைன் படையினர், எரிபொருளும் ஆட்களும் கொண்டுவந்தது விமானப்படை. ரகசியம் காக்க வேண்டும் என்று தனித்தனி இடங்களில் பயிற்சி எடுத்தார்கள். எல்லோரும் சேர்ந்த முழு ஒத்திகை ஒன்றுகூட நடக்கவில்லை. 8 ஹெலிகாப்டர்கள் கிளம்பின, 6 வந்து சேர்ந்தன, அதில் ஒன்று பழுது. குறைந்தது 6 வேண்டும் என்பதால் திட்டத்தைக் கைவிட்டார்கள். திரும்பும்போது இருட்டிலும் புழுதியிலும் ஒரு ஹெலிகாப்டர் தங்கள் விமானத்தின் மீதே மோதியது. 8 பேர் இறந்தார்கள். எதிரி ஒரு குண்டுகூடச் சுடவில்லை. பிறகு அட்மிரல் ஹாலோவே தலைமையில் ஆராய்ந்த குழு, முழு ஒத்திகை இல்லாததையும் குறையாகச் சுட்டிக்காட்டியது. அந்த வீரர்கள் தனித்தனியே திறமைசாலிகள். சேர்ந்து பழகவில்லை, அவ்வளவுதான். 1987-ல் எல்லாப் படைகளின் சிறப்புப் பிரிவுகளையும் சேர்த்து ஒரே தலைமையகம் உருவாக்கினார்கள்.

அதே 1980-களில் கலிபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்தில், ஃபோர்ட் இர்வின் என்ற இடத்தில், அமெரிக்கத் தரைப்படை ஒரு பெரிய பயிற்சி மையத்தைத் தொடங்கியது. அங்கே லேசர் கருவியால் சுடுவார்கள். யார் யாரை எப்போது சுட்டார்கள் என்பது பதிவாகிவிடும். ஒவ்வொரு போலிப் போர் முடிந்ததும் எல்லோரையும் உட்கார வைத்து நான்கு கேள்விகள்: என்ன நடக்க வேண்டும், என்ன நடந்தது, ஏன், இனி என்ன செய்வது. பெரிய அதிகாரியும் தன் பங்கைச் சொல்ல வேண்டும். இது படித்தபோதுதான் நம் ஹவில்தாரின் வட்டம் எங்கிருந்தோ கற்றுக்கொண்டதா, தானே கண்டுபிடித்ததா என்ற ஆச்சரியம் வந்தது. எப்படியிருந்தாலும் அனுபவசாலிகள் கடைசியில் ஒரே இடத்துக்குத்தான் வந்து சேர்கிறார்கள்.

ஆகவே, கேள்வி கேட்ட மாணவிக்கு என் பதில் இது. உன் இரண்டு டீமையும் கூப்பிட்டு ஒற்றுமையாக இருங்கள் என்று சொல்லாதே அம்மா. அது யாருக்கும் தெரியாத விஷயம் இல்லை. ஒரு நாள், அவசரம் இல்லாத ஒரு நாளாகப் பார்த்து, ஒருவர் வேலையை மற்றவர் செய்யட்டும். இரண்டு டீமும் வைத்திருக்கிற தனித்தனிக் கணக்கை ஒரே தாளில் கொண்டுவா. வாரம் ஒரு முறை அந்த நான்கு கேள்விகளைக் கேள். 'அவங்க' என்ற சொல்லைத் தடை செய். இதையெல்லாம் பெரிய வேலை வருவதற்கு முன்பே செய். குண்டு இல்லாத ரைஃபிளோடு தப்புச் செய்தால் சிரித்துவிட்டுப் போகலாம். குண்டு போட்ட பிறகு அப்படி முடியாது.

ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்காதே. சண்டை தீரட்டும் என்பதற்காகப் பாதுகாப்பு விதியைத் தளர்த்தாதே. எவ்வளவு சமாதானம் ஆனாலும் எட்டாவது ரைஃபிளைப் பார்க்காமல் ஹவில்தார் விசில் அடித்ததில்லை.

வீட்டுக்கும் இது பொருந்தும் என்று உறவுக்காரர்கள் முணுமுணுப்பது இங்கே கேட்கிறது. பொருந்தும்தான். கல்யாண வீட்டில் பந்திக்காரர்களும் சமையல்காரர்களும் மோதிக்கொள்வதைப் பார்க்காதவர் யார்? பந்தி பரிமாறுகிற ஒருவர் பத்து நிமிடம் அடுப்படியில் நின்றுவிட்டு வந்தால் போதும்.

ஆஸ்பத்திரியில், போலீசில், ரயில்வேயில், கம்ப்யூட்டர் கம்பெனியில் என்று எங்கெங்கோ இருக்கிறீர்கள். உங்கள் வேலையிடத்தில் அந்த டாங்கியின் பின்னால் வைத்த டெலிபோன் மாதிரி ஏதாவது உண்டா? இல்லையென்றால் எங்கே வைக்கலாம்? கீழே எழுதுங்கள். நேரம் இருக்கிறது, எல்லாவற்றையும் படிப்பேன்.

எல்லோரும் நல்லா இருங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்